களவு போகாத அறை

“மழையோடும் ஈரத்தோடும் தன்னந்தனியாகப் போராடி, தொன்மை வாய்ந்த கருவூல அறையைக் கடைசி மூச்சு வரை காத்து நின்ற மரபுக் காவலர்” என்று அந்தச் சான்றிதழில் அச்சிட்டிருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்கூடத்தில், தையல் இயந்திரத்துக்கு நேர் மேலே தொங்குகிறது. மாட்டியது அந்த வீட்டுத் தையல்காரம்மா அல்ல. மரபுத்துறை ஆய்வாளரே சுத்தியலும் ஆணியுமாக வந்து மாட்டிவிட்டு, கோணல் இல்லையே என்று இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார். யாருடைய கடைசி மூச்சு என்று சான்றிதழில் குறிப்பிடவில்லை.

அவள் எந்த மழையோடும் போராடவில்லை. அந்த வருடம் கோடையில் ஒரு தூறல்கூடக் கிடையாது. காவலர் என்ற சொல்லும் அவளுக்கு ஒட்டாது. அந்த அறையைக் கண்ணாலே கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “தொன்மை” என்றால் என்ன என்று கேட்டால், “ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு அர்த்தம்” என்பாள்.

ஊர் சின்னது. ஒரு நெடுஞ்சாலை அதை உரசிக்கொண்டு போகும், நிற்காது. பெரிய சண்டை எதுவும் அங்கே நடந்ததில்லை. நடந்திருந்தாலும் ஊர்க்காரர்கள் மதியத் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு காலத்தில் சுற்றுவட்டார வரியெல்லாம் அங்கே வந்து குவிந்ததால், வாங்கியவர்கள், எண்ணியவர்கள், பூட்டியவர்கள், சுருட்டியவர்கள் எல்லாருமே அங்கே வீடு கட்டிக்கொண்டு சௌகரியமாக வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் மரபுத்துறை வந்து அந்த வீடுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு வாசலிலும் இரும்புக் கம்பம் நட்டு, பச்சைப் பலகை மாட்டியது. பலகை வந்த வீட்டில் ஒரு கல்லை அசைக்கக் கூடாது, ஒரு சன்னல் வைக்கக் கூடாது. ஓடு மாற்றலாம், ஆனால் அதே காலத்து ஓடாக இருக்க வேண்டும். அந்த ஓட்டைச் சுட்ட சூளை மூடிப்போனதற்கே ஊர்க் கோடியில் தனியாக ஒரு பலகை உண்டு.

கையால் இடித்தால் குற்றம். வீட்டுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். தானாக விழுந்தால் இயற்கை. விழுந்த இடத்தில் துறையே வந்து “இங்கே இன்னது இருந்தது” என்று புதுப் பலகை நட்டுவிட்டுப் போகும். அதன்பின் உடையவர் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்த அளவுக்கு வேறெதையும் கவனமாகப் படித்ததில்லை. அங்கே சுவரெல்லாம் சூளை பார்க்காத மண்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. வீட்டைக் காலி செய்துவிட்டு, சுவரின் அடியில் தினமும் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தால், கல் உள்ளுக்குள் ஊறி ஒருநாள் பொத்தென்று உட்கார்ந்துவிடும். இதற்கு ஊரில் குளிப்பாட்டுவது என்று பேர். “என்னப்பா, உங்க வீட்டுக்குக் குளிப்பாட்டு முடிஞ்சாச்சா?” என்று கடையில் எல்லார் காதிலும் விழும்படியே கேட்டுக்கொள்வார்கள்.

இப்படியாக, மரபைக் காக்க ஒரு துறை வந்த பிறகு ஊரில் பழைய வீடுகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் கரைந்தன. “இருக்கிறது” பலகைகளை “இருந்தது” பலகைகள் மிஞ்சிவிட்டன. வெளியூரிலிருந்து வருகிறவர்களை வழிகாட்டி ஒவ்வொரு காலி மனையாக அழைத்துக்கொண்டு போவார். அவர்களும் பயபக்தியோடு காலி மனையைப் படம் பிடித்துக்கொள்வார்கள்.

தையல்காரம்மாவும் அவள் புருஷன் டிரைவரும் அந்த வீட்டைப் பலகையோடு சேர்த்து வாங்கினார்கள். பலகை இருந்ததால் மலிவாகக் கிடைத்தது. ஒரே மகள் கல்யாணமாகித் தொலைவில் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். கூடத்தில் தையல் இயந்திரம், சன்னலோரம் வெட்டு மேசை, மூலையில் பிரித்துத் தைக்க வந்த துணி மூட்டைகள். இறுகிப்போன சட்டையோ பாவாடையோ எதுவானாலும் அவளிடம் கொடுத்தால் விரித்துத் தந்துவிடுவாள். தானே தைத்த துணி என்றால் இன்னும் சுலபம். தையலுக்குள் எப்போதும் ஒரு விரற்கடை துணி மடித்து விட்டிருப்பாள். “உடம்பு ஒரே மாதிரி இருக்குமா? பின்னாடி பிரிக்க வேண்டி வரும்ல” என்பாள்.

வீட்டின் பின்னால் இருந்த அறையைக் கட்டியவன் அப்படி எதையும் மிச்சம் விட்டு வைக்கவில்லை. அதுதான் அந்தக் காலத்து வரிப்பணம் இருந்த அறை. வாசல் என்று பேரே தவிர, அது ஒரு சந்து. ஆள் பக்கவாட்டில் நுழைய வேண்டும். நுழைந்த மறுகணம் எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். அங்கே ஒடிந்து திரும்பி, இன்னொரு சந்து வழியாக உள்ளே போக வேண்டும். பெட்டகத்தைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய் அங்கேயே முடுக்கிச் சேர்த்தார்களாம். சேர்த்த பிறகு எந்தக் கொம்பனாலும் அதை வெளியே எடுத்துவர முடியாது. பச்சைப் பலகையிலும் அதுவே எழுதியிருந்தது: “களவு போகாத அறை. உள்ளே சென்ற பெட்டி வெளியே வந்ததில்லை.” பெட்டி பெட்டியாக வரவில்லைதான், பின்னாளில் வெட்டிப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்தார்கள். பணத்தைக் கணக்கெழுதியவனே சட்டைப் பையில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அதற்குப் பலகையில் இடம் போதவில்லை போலும்.

டிரைவர் ஆஜானுபாகு. லாரியைத் தீப்பெட்டிக்குள் விட்டுத் திருப்பி எடுத்துவிடுவார் என்று பேர். வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஓட்டுநர் இருக்கையில் கழித்தவர் வீட்டுக்குள்ளும் அதே பாஷையில்தான் பேசுவார். பொண்டாட்டியைக் “கிளீனர்” என்று கூப்பிடுவார். லாரியில் கிளீனர் இல்லாமல் வண்டி நகராது என்பது அவர் கொடுத்த விளக்கம். அவள் அதை ஏற்றுக்கொண்டதும் இல்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

ஒருநாள் சுமை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்து அவருக்கு இடப் பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த சமயம் மழைக்காலம். கூடத்து ஓடு பத்து இடத்தில் ஒழுகியது, மாற்றவோ அதே காலத்து ஓடு இல்லை. கட்டிலை எங்கே தள்ளிப் போட்டாலும் சொட்டு அவர் முகத்தைத் தேடி வந்தது. வீட்டில் ஒழுகாத இடம் அந்தக் களவு போகாத அறை மட்டும்தான். சுமைதூக்கிகள் நாலு பேர் வந்து, அவரை உட்கார்ந்த வாக்கில் முழங்கால் மடக்கிக் கட்டி, சந்தில் செருகி, மூலையில் ஒடித்துத் திருப்பி, எப்படியோ உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

“மழை விடற வரைக்கும்தான்” என்றாள் அவள்.

மழை விட்டது. அதற்குள் காலும் இடுப்பும் விறைத்துப் போயிருந்தன. இடக்கால் கடப்பாரை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கப் போனால் தெருவே கேட்கும்படி அலறினார். நெடுக நீட்டிய ஆளை அந்த மூலையில் திருப்ப வழியில்லை. சுமைதூக்கிகள் வந்து பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள்.

“ஏத்தும்போது இறக்கற எடத்தை யோசிச்சு ஏத்தணும்டா” என்றார் டிரைவர், ஒரு பக்கத்து வாயால். “லோடு மேனா இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியல.”

அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவரும் அவர்கள் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் சன்னல் கிடையாது. ஒரு பக்கம் பெட்டகம் வைக்க எழுப்பிய கல்மேடை, அதையும் அசைக்கக் கூடாது. மிஞ்சிய இடத்தில், பின்சுவரை ஒட்டி, கட்டில் ஒன்று மட்டும் கொள்ளும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் அகலத்துக்குத் துணி காயப்போடும் இடம், அதை அடுத்து நெடுஞ்சாலை. அவர் ஆயுள் முழுக்க ஓட்டிய சாலை. சுவர் அவ்வளவு தடிமன் என்பதால் லாரிச் சத்தம் உள்ளே வராது. கட்டில் மட்டும் இலேசாக அதிரும்.

“நான் ஒண்ணும் நடக்கணும்னு கேக்கல கிளீனரு” என்றார் ஒருநாள். “ரோட்டோரமா ஒரு கட்டிலப் போட்டுப் படுத்துக்கிட்டு, வண்டி போறதப் பாக்கணும். இங்கயே கெடந்து செத்தா, என்னைய எப்படி வெளிய எடுப்பீங்க? பெட்டியப் பிரிச்ச மாதிரி பிரிச்சா?”

“வாயக் கழுவுங்க” என்றாள்.

ஆனால் மறுநாள் காலையில் எழுந்ததும் மரபுத்துறைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தாள்.

குழு ஒன்று வந்தது. வாசலை அளந்தது, படுத்திருந்தவரை அளக்கவில்லை. குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சந்தில் ஒருமுறை நுழைந்து பார்க்க ஆசை. சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, மூலையில் திரும்பி, “அடடா, என்ன மூளை பாருங்க” என்று வியந்தார்கள். அவர்களில் தொந்தியுள்ள ஒருவர் திருப்பத்தில் நன்றாகச் சிக்கிக்கொண்டார். முன்னாலிருந்து இழுத்தார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள், நடுவில் ஒருவர் படமும் எடுத்தார்.

கட்டிலில் இருந்தபடியே டிரைவர் சொன்னார்: “சிரமப்படாதீங்க சார். அவர இங்கயே விட்டுட்டுப் போங்க, எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆச்சு.”

தொந்திக்காரரை மீட்டு வெளியே கொண்டுவந்த பிறகு அவள் கேட்டாள்: “வாசல ஒண்ணும் பண்ண வேணாம் சார். பின்பக்கச் சுவத்துல, ரோட்டப் பாத்தாப்ல, கட்டில் போற அளவுக்கு ஒரு வழி எடுத்துக்கறேன்.”

“பின்னாடி வழி வெச்சா அப்புறம் அது களவு போகாத அறை இல்லையேம்மா” என்றார் குழுத் தலைவர், உண்மையான வருத்தத்தோடு.

“களவு போக உள்ள என்ன சார் இருக்கு? இருக்கறது இவர் ஒருத்தர்தான். இவர எவனாவது களவாண்டுட்டுப் போனா நல்லாத்தான் இருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை.

ஆய்வாளர் மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். ஒல்லியான ஆள், கையில் எப்போதும் குடை. பழைய சுவரைக் கண்டால் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவிக்கொடுப்பார். கெட்டவரல்ல, அதுதான் சிக்கல்.

“சார், நானே கடப்பாரையால இடிச்சுட்டா?” என்று கேட்டாள்.

“சீல் வெச்சுடுவாங்கம்மா. உங்கள வெளியேத்திடுவாங்க.”

“அவரையுமா?”

“ஆமா.”

“எந்த வழியா சார்?”

ஆய்வாளர் அந்தச் சந்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “அது சுகாதாரத்துறையில கேக்கணும்” என்றார். பிறகு பின்சுவருக்கு வெளியே போய் அதன் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இங்க தண்ணி தேங்காம பாத்துக்கங்க. இந்தச் சுவருக்கு ஆகாதது அது ஒண்ணுதான். அடியில ஈரம் ஏறிடுச்சுன்னா, யாரையும் குத்தம் சொல்ல முடியாது” என்றார்.

எச்சரித்தாரா, வழி சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

அவள் நேரே சைக்கிள் கடைக்காரரிடம் போனாள். தன் வீட்டை ஒரே கோடையில் குளிப்பாட்டி வீழ்த்தி, அந்த மனையில் கடையும் மாடியுமாகக் கட்டியிருந்தவர். ஊரில் இந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“ரொம்ப சிம்பிள் அக்கா” என்றார், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே. “மொதல்ல அடியில பூச்ச கொஞ்சம் சொறிஞ்சு விடணும். ஆர்வக் கோளாறுல கொடம் கொடமா ஊத்திடாதீங்க, வழிஞ்சு ஓடிப் போயிடும். கைப்புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரி, நேரம் தவறாம, கொஞ்சம் கொஞ்சமா. உச்சி வெயில்ல ஊத்துங்க. தெருவும் தூங்கும், கல்லும் வெடிக்கும்.”

“உங்க வீட்டுக்கு ஊத்தறப்ப உள்ள யாராச்சும் இருந்தாங்களா தம்பி?”

“உள்ளயா? விழப்போற வீட்டுல எவன்க்கா இருப்பான்?” டியூபை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஓ... டிரைவர் அண்ணன்.”

பிறகு அவர் கையில் ஈரத்தோடே தரையில் கோடு போட்டுக் காட்டினார். வெளிப்பக்கம் அடி கரைந்தால் சுவர் வெளிப்பக்கம்தான் சாயும், உள்ளே ஒரு கல்லும் விழாது, தான் உத்தரவாதம் என்றார். அது சரியாகவே நடந்தது. அவர் பேச்சில் குற்றமில்லை. சுவர் எந்தப் பக்கம் விழும் என்று இரண்டு பேரும் அவ்வளவு நேரம் யோசித்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கவில்லை. காலி வீட்டையே குளிப்பாட்டிப் பழகிய ஊரில் அந்தக் கேள்வி அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். மதியம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், ஈரத்துணியால் அவர் முதுகைத் துடைத்த தண்ணீர், எல்லாம் அந்தச் சுவருக்கே போயிற்று. வறண்ட மண்கல் சத்தம் போட்டு உறிஞ்சியது. அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஏதோ ஒன்று நடக்கிறது என்பதற்கு அந்த வீட்டில் அது ஒன்றுதான் அடையாளம்.

“வெளிய என்ன சத்தம்?” என்றார் டிரைவர்.

“துணி அலசறேன்.”

“தெனமுமா? நம்ம ரெண்டு பேரு துணியையும் சேத்தா ஒரு வாளி தேறாது.” கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் அந்த ஊர்தானே. கோணிய வாய் மெல்ல விரிந்தது. “அடிப்பாவி! குளிப்பாட்டறியா?”

“கத்தாதீங்க.”

“நல்லா ஊத்து. ரேடியேட்டர் காஞ்சிடப் போகுது.”

அதற்குப் பிறகு மதியமானால் அவரே ஞாபகப்படுத்துவார். “கிளீனரு, வண்டிக்குத் தண்ணி காட்டியாச்சா?” அவள் ஊற்றும்போது உள்ளேயிருந்து சுவரை உள்ளங்கையால் தட்டுவார். அவள் வெளியிலிருந்து பதிலுக்குத் தட்டுவாள். கல்யாணமான புதிதிலும் அவர்கள் அப்படி விளையாடியதில்லை; அப்போது அவர் எங்கே வீட்டில் இருந்தார்?

ஒரு மதியம் சுவரின் தோளில் விரிசல் விட்டது. முதலில் ஒரு மயிரிழை, பிறகு ஒரு விரல் நுழையும் அகலம். கட்டிலுக்கு நேர் மேலே வெயில் ஒரு கயிறு போல இறங்கி அவர் மார்பின் மேல் விழுந்தது. அதோடு சத்தமும் வந்தது. லாரிகள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அது கல்லு லோடு... இது காலி வண்டி, பாடி கடகடங்குது பாரு... அய்யோ, இவனுக்குக் கிளட்ச் போகுது, கவனிக்காம மிதிக்கிறான் பாவி.” அவளைப் பிடித்து அருகில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். இருந்தாலும் அன்று தைக்கவேண்டியதைத் தைக்காமல், இருட்டும்வரை அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்த நாள் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும்.

உட்சுவரில் பூச்சு உப்பிக்கொண்டு வந்ததை அவள் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அறையில் காளான் வாடை அடித்தது. விரிப்பைத் தொட்டால் சில்லென்றிருந்தது. வியர்வை என்று நினைத்து மாற்றினாள், மாற்றியதும் நனைந்தது. பிறகு அவர் இருமத் தொடங்கினார். படுத்துக்கொண்டே இருமுகிறவருக்கு இருமல் வெளியே வருவதில்லை, உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

மருத்துவர் வந்தார். பக்கவாட்டில் நுழைந்து, மூலையில் பையை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். அறை கும்மிருட்டு. விரிசலின் வெளிச்சம் கட்டிலின் மேல் மட்டும்தான் விழுந்தது. அவர் மூக்கைச் சுருக்கினார்.

“நெஞ்சுல சளி கட்டியிருக்கு. ரூம்ல ஈரம் கீரம் இருக்கா?”

“இல்லிங்க” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அதில் சூது எதுவும் கிடையாது. ஈரம் என்று ஒப்புக்கொண்டால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பற்றிச் சொன்னால் ஊற்றாதே என்பார். ஊற்றாவிட்டால் சுவர் காய்ந்து மறுபடி இறுகிக்கொள்ளும், விரிசலைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டுப் போவார்கள். அவரை வேறு அறைக்கு மாற்றச் சொல்வார் மருத்துவர். எந்த வழியாக?

“பழைய வீடு. அந்த வாடைதான்” என்று சேர்த்துக்கொண்டாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் கட்டிலண்டை நின்று, “கொஞ்ச நாள் நிறுத்திக்கலாமாங்க?” என்றாள்.

டிரைவர், இதற்குள் கட்டில் மட்டம்வரை கீழே இறங்கிவிட்ட விரிசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இப்பப் போயா? இவ்வளவு தூரம் வந்துட்டு? இப்பத்தான் டயர் தெரியுது. இன்னும் கொஞ்சம்... முழு வண்டியையும் பாத்துடுவேன்.” மூச்சு வாங்கியது. “வரலாம்னு சொல்லு கிளீனரு.”

வண்டி பின்னால் வரும்போது, பின்பக்கம் நின்று “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பதும், சரியான இடத்தில் பக்கத்துப் பலகையைத் தட்டிப் “போதும்” என்று கத்துவதும்தான் கிளீனரின் வேலை. முதல் பாதி வேலையை அவள் செய்தாள். சீக்கிரம் முடிந்துவிட்டால் சீக்கிரம் காய்ந்த இடத்துக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, காலையிலும் ஊற்ற ஆரம்பித்தாள்.

சுவர் அசையவில்லை. ஊரிலேயே கெட்டிச் சுவர் அதுதான். விரிசல் ஒரு கை அகலத்துக்கு வந்து நின்றுகொண்டது. அந்தக் கை அகலத்தில் லாரி முழுசாக அடங்கவில்லை. ஒரு டயர், ஒரு கதவு, ஒரு முகம், இன்னொரு டயர் என்று துண்டு துண்டாகவே போயிற்று.

ஒரு விடியற்காலை அவள் சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, மூலையில் திரும்பி உள்ளே போனபோது, அவர் விரிசலைப் பார்த்தபடி கிடந்தார். கூப்பிட்டாள். தொட்டாள். விரிப்பைவிட அவர் சில்லிட்டிருந்தார்.

சுமைதூக்கிகள் வந்தார்கள், சைக்கிள் கடைக்காரர் வந்தார். இப்போது கால் மட்டுமல்ல, ஆளே விறைத்திருந்தார். எல்லாரும் அந்த மூலையைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்த மாதிரி பிரிப்பீர்களா என்று அவர் கேட்டது அவளுக்கு மட்டும் கேட்டது.

சைக்கிள் கடைக்காரர்தான் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தார். சும்மா சாய்ந்து நிற்கத்தான் வைத்தார். விரல்கள் ஊறிய ரொட்டிக்குள் போவது போல உள்ளே போயின. தோளைக் கொடுத்து ஒரு நெட்டு நெட்டினார். சுவர் ஒரு பெருமூச்சு விட்டு, அவர் உத்தரவாதம் கொடுத்தபடியே, மொத்தமும் வெளிப்பக்கமாகப் படுத்துக்கொண்டது. உள்ளே ஒரு கல் விழவில்லை. அறை முழுக்க வெயில்.

கட்டிலோடு தூக்கினார்கள். “வரலாம், வரலாம்” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். காலை மடக்காமல், திருப்பாமல், நேராக, நெடுஞ்சாலைக்கு. ஒரு கல்லு லோடு நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. ஓட்டுநர்கள் இறங்கி வந்து நின்றார்கள். ஒரு வண்டி முழுசாக அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

ஆய்வாளர் குடையோடு ஓடி வந்தார். விழுந்த மண்ணை ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்தார். சொதசொதவென்று இருந்தது. வானத்தைப் பார்த்தார். துடைத்துவிட்ட மாதிரி வெளுத்திருந்தது.

“நேத்து மழ பெஞ்சுதோ?” என்றார்.

“இல்ல சார்.”

“பெஞ்சுதும்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, சுவருக்காகவா டிரைவருக்காகவா என்று சொல்ல முடியாது. “நல்ல மழை.”

அப்படியே அறிக்கையும் போயிற்று. மேலே இருப்பவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, அறிக்கையைப் பார்க்கிறார்கள். மழை பெய்திருக்கிறது, சுவர் விழுந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு பெண் இருந்திருக்கிறாள் என்றால், அவள் சுவரைக் காப்பாற்றத்தான் போராடியிருக்க வேண்டும். வருடா வருடம் யாருக்காவது ஒரு சான்றிதழ் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆய்வாளர் வீடு தேடி வந்து, “நீங்க வந்து வாங்கிக்கலைன்னா மழையப் பத்தித் தோண்டிக் கேப்பாங்கம்மா” என்று கெஞ்சினார். போய் வாங்கிக்கொண்டாள். மேடையில் நின்ற படத்தில் அவள் கையைப் பார்த்தால், வாளியைப் பிடித்திருப்பது போலச் சான்றிதழைப் பிடித்திருக்கிறாள்.

சான்றிதழை மாட்ட அவர் வந்த அன்று அவள் சொன்னாள்: “சார், நான்தான் ஊத்தினேன்.”

“தெரியும்மா. ஊருல யாரு ஊத்தல?”

“அதில்ல சார். அவரு அந்தச் சுவத்த ஒட்டித்தான் படுத்திருந்தாரு.”

“ஆமாமா. நல்லவேளை, உள்பக்கம் விழல” என்றார் ஆய்வாளர், ஆணியை அடித்துக்கொண்டே.

மருத்துவரிடமும் போனாள். “படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டறது சகஜம், மனசப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றார். சைக்கிள் கடைக்காரர், “அக்கா, எல்லாரும் பண்றதுதானே” என்றார். மகள் தொலைபேசியில், “உன்னைய மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்கம்மா” என்று அழுதாள். சுவரை இடித்ததற்கு ஊரே அவளை மன்னித்துவிட்டது. மற்றதை மன்னிக்க வேண்டுமானால் முதலில் யாராவது அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையோரம் இப்போது புதுப் பலகை நிற்கிறது. “இங்கே களவு போகாத அறை இருந்தது. உள்ளே சென்ற பெட்டி வெளியே வந்ததில்லை.” பலகையின் பின்பக்கத்தில் அவள் துணி காயப்போடுகிறாள். எப்போதாவது ஒரு லாரி வேகத்தைக் குறைத்து, ஓட்டுநர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுப் போவார். வழிகாட்டி பயணிகளைக் கூட்டிவந்து சான்றிதழை வாசித்துக் காட்டும்போது அவள் இயந்திரத்தை நிறுத்துவதில்லை.

அவள் செய்தது இதுதான். புருஷனை வெளியே கொண்டுவருவதற்காக, அவர் படுத்திருந்த சுவருக்கு ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினாள். ஈரமா என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்றாள். அதற்கப்புறமும் ஊற்றினாள்.